கப்பலுக்கு வினை உண்டா?

கீழ்பென்னாத்தூர் கடல் பார்க்காத ஊர். செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், ஏரித் தண்ணீரையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மல்லாட்டையும் போடுகிற பூமி. ஆயுத பூஜையன்று இந்த ஊர்க் கடைத்தெருவில் ஆயுதம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் கிடைக்கும். கதிர் அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர், தையல் மெஷின், பம்ப்செட் மோட்டார், டிராக்டர், மினி லாரி என்று எல்லாவற்றுக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். பொரிகடலை படைத்து, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஓரடி நகர்த்தினால் பூஜை முடிந்தது. போன வருஷம் அந்த லாரி யார் மேலாவது மோதியதா, அந்த அரிவாள் வரப்புத் தகராறில் ஓங்கப்பட்டதா என்று யாரும் விசாரிப்பதில்லை. 2019 அக்டோபர் 8 அன்று பிரான்சில் ரஃபேல் போர் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் எலுமிச்சம்பழம் வைத்தபோது நாட்டில் பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேர் பெருமைப்பட்டார்கள். இரண்டு தரப்பும் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கருவிக்கு வினை ஒட்டுமா? சண்டைக்கென்றே செய்யப்பட்ட ஒன்றைக் கும்பிடுவது சரியா? அரிவாளை வைத்துக் கேட்டாலும் விமானத்தை வைத்துக் கேட்டாலும் பதில் சட்டென்று வந்துவிடும். ஒன்று அறுவடைக்கு, மற்றது குண்டு போட. அப்படிச் சட்டென்று பதில் சொல்லவிடாத ஒரு பொருள் கிழக்குக் கடற்படையிடம் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஐ.என்.எஸ். ஜலஸ்வா.

ஜலஸ்வா என்றால் நீர்க்குதிரை. 173 மீட்டர் நீளம். முழுச் சுமையோடு ஏறக்குறைய 17,000 டன். சுமார் ஆயிரம் படைவீரர்களை, அவர்களுடைய வண்டிகளோடும் தளவாடங்களோடும் ஏற்றிச் சென்று, துறைமுகம் இல்லாத கரையில் இறக்குவதுதான் இதன் வேலை. இது செய்கிற காரியத்தை மற்ற எந்தக் கப்பலும் செய்தால் அதற்கு விபத்து என்று பெயர். அடிவயிற்றிலுள்ள தொட்டிகளில் கடல்நீரை வேண்டுமென்றே நிரப்பிக்கொள்ளும். பின்புறம் மெல்லத் தாழும். பின்கதவு திறக்கும். கடல் உள்ளே வரும். கப்பலுக்குள்ளேயே ஒரு குளம் உண்டாகி, அதுவரை தரையில் கிடந்த படகுகள் மிதக்க ஆரம்பித்து, வீரர்களையும் டாங்கிகளையும் சுமந்துகொண்டு ஒவ்வொன்றாக வெளியேறிக் கரையை நோக்கிப் போகும். மேல்தளத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கலாம். உள்ளே அறுவை அரங்கு உண்டு, ஆயிரம் பேருக்குச் சமைக்கும் சமையலறை உண்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஏற்பாடும் உண்டு. இதே குடும்பத்தில் இன்னொரு வகை, ஐராவத் போன்ற தரையிறங்கு கப்பல்கள். அவை முகப்பைத் திறந்துகொண்டு நேராக மணலில் போய் ஏறி நிற்கும். திரும்பும்போது பின்னால் போட்டுவைத்த நங்கூரத்தைப் பிடித்துத் தம்மைத்தாமே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். பகைவனின் கரையில் கிரேன் இருக்காது, ரோடு இருக்காது, குடிக்கத் தண்ணீர் இருக்காது, உதவ ஒரு ஆள் இருக்கமாட்டான் என்ற ஒரே கணக்கை வைத்துத்தான் இவற்றின் ஒவ்வொரு அங்கமும் வரையப்பட்டது. அந்தக் கணக்கில் பகைவன் என்ற சொல்லை எடுத்துவிட்டு சுனாமி என்று எழுதிப் பாருங்கள். ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் கரை அப்படித்தான் கிடந்தது.

இந்தக் கப்பலின் ஜாதகம் ஜலஸ்வா என்ற பெயரோடு தொடங்கவில்லை. 1971-ல் டிரென்டன் என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த உடல் இது. 1988 ஏப்ரல் 18 அன்று பாரசீக வளைகுடாவில், ஈரானின் சசான் எண்ணெய் மேடையைத் தாக்கிய மூன்று கப்பல்களில் இது ஒன்று. மற்றக் கப்பல்களின் பீரங்கிகள் சுட்ட பிறகு இதிலிருந்து போன வீரர்கள் மேடையில் இறங்கி வெடி வைத்தார்கள். 1991 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்த சோமாலியத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து முப்பது நாடுகளைச் சேர்ந்த 281 பேரை மீட்டதில் இதற்கும் பங்கு உண்டு. 2006-ல் லெபனான் போரின்போது பெய்ரூட்டிலிருந்து அமெரிக்கர்களை ஏற்றி வந்தது. 2007-ல் இந்தியா விலைக்கு வாங்கிப் பெயர் மாற்றியது. 2008 பிப்ரவரியில் கப்பலுக்குள்ளேயே நச்சு வாயு கசிந்து நம் கடற்படையினர் ஆறு பேர் இறந்தார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, மே 10 அன்று மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் 19 பேர் கர்ப்பிணிகள். ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து 685 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. பிறகு ஈரானின் பந்தர் அப்பாஸுக்குப் போய் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி திரும்பியது. மாதக்கணக்கில் அங்கே சிக்கிக் கிடந்த நம் மீனவர்கள் அதில் வந்தார்கள். ஈரானின் மேடைக்கு வெடி வைக்க ஆள் கொண்டுபோன அதே இரும்பு, 32 வருஷம் கழித்து அதே வளைகுடாவின் வாசலில், ஈரானின் துறைமுகத்திலேயே மரியாதையாக நின்று மீனவர்களை ஏற்றியது. மறுபிறவி என்றால் உயிர் அப்படியே இருக்க உடல் மாறும் என்றுதான் கேட்டிருக்கிறோம். இங்கே உடல் அப்படியே இருந்தது, உயிர் மாறிப்போனது. டிரென்டனின் வினை ஜலஸ்வாவைத் தொடருமா என்ற கேள்வி அதனால் வெறும் விளையாட்டுக் கேள்வியில்லை.

நம் பக்கத்துச் சைவம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பெண்ணையாற்றுப் பகுதியில் உள்ள திருவெண்ணெய்நல்லூரில், 13-ம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அந்த மரபு எந்தக் காரியத்தையும் மூன்று காரணமாகப் பிரித்துப் பேசும். பானைக்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். வினை சடம், அது தானாக நடந்துபோய் யாரையும் ஒட்டாது, தானாகப் பயனையும் ஊட்டாது. அறிந்து செய்கிறவனுக்கே வினை. ஆக, கப்பல் துணைக்காரணம். சக்கரத்துக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை. ஜலஸ்வாவுக்குச் சந்தனம் வைத்தால் பாவமில்லை, வைக்காமல் விட்டால் தோஷமில்லை. வாயுக் கசிவில் இறந்த ஆறு பேருக்காகக் கப்பலைக் குற்றக்கூண்டில் ஏற்ற முடியாது. குழாயைப் பராமரித்தவர்களையும் பராமரிக்கச் சொன்னவர்களையும்தான் கேட்க முடியும். இந்தப் பதில் எனக்கு ஏற்புடையதே. ஆனால் பெரும்பாலோர் இதை இங்கேயே நிறுத்திக்கொண்டு, கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அது சித்தாந்தம் இல்லை, சோம்பல். குயவனின் சக்கரத்தில் சதுரப் பானை வராது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. துணைக்காரணம் குற்றமற்றதாக இருக்கலாம். ஆனாலும் எது எளிது, எது அரிது என்று அதுதான் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கிறது. கருவிக்குப் பாவம் இல்லை, சாய்வு உண்டு.

அந்தச் சாய்வைக் கண்டு அஞ்சியவர்கள் செஞ்சிப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிற ஊர். கொல்வதைத் தவிர்த்தால் மட்டும் போதாது, கொலைக்கு உதவுகிற பொருளை இன்னொருவனுக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும் என்பது இல்லறத்தாருக்கே சமணம் விதித்த நோன்பு. வாள், தீ, விஷம் முதலானவற்றைக் கைமாற்றுவது பயனில்லாத தீங்கில் ஒரு வகை என்று தனியே எண்ணிவைத்திருக்கிறார்கள். இந்த அளவுகோலில் 2007-ல் கப்பலை விற்ற நாடும் தப்பாது, வாங்கிய நாடும் தப்பாது. இது வலுவான எதிர்வாதம். அகிம்சை நடைமுறைக்கு உதவாது என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவது இதற்குப் பதிலாகாது. ஆயுதத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஆயுதம் தேவைப்படும் சந்தர்ப்பங்களே கண்ணில் படும் என்பதைச் சமணர் நமக்கு வெகுகாலம் முன்பே கண்டு சொன்னார்கள். நான் அவர்களோடு பிரிகிற இடம் ஒன்றுதான். கொடுக்கலாகாத பொருள் இது, கொடுக்கலாகும் பொருள் இது என்று பட்டியல் போட முடியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். வாளுக்கும் விஷத்துக்கும் அது சரி. ஜலஸ்வாவில் அந்தக் கோடு எங்கே விழும்? பின்கதவைத் தீங்கு என்று கழித்தால் படகு வெளியே போகாது. வெள்ளத்தில் தத்தளிப்பவனிடம் போய்ச் சேர முடியாது. ஆயிரம் பேர் தங்கும் இடம் போர்க்குணம் என்று கழித்தால் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் நின்ற 698 பேருக்கு இடமில்லை. துப்பாக்கிகளை வேண்டுமானால் கழற்றலாம். ஆனால் இந்தக் கப்பலின் ஆபத்து துப்பாக்கியில் இல்லை. யாரும் கூப்பிடாத கரைக்கு யாருடைய உதவியும் இல்லாமல் ஆயிரம் பேரைக் கொண்டுபோய் இறக்கும் திறனே அதன் ஆபத்து. மீட்கப் போகும்போது கை கொடுப்பதும் அதே திறன்தான். இதில் தீமையை மட்டும் தனியே அறுத்தெடுக்கக் கத்தி கிடையாது.

கருவி ஒன்று தன் நோக்கத்துக்கு எதிராகத் திரும்புவது நம் மரபுக்குப் புதிதும் இல்லை. திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளச் சொன்னது பல்லவ மன்னனின் ஆணை. அந்தக் கணத்தில் கல்லுக்கு ஒரே வேலை, ஆளை அமிழ்த்துவது. பெரியபுராணத்தின்படி அதே கல் தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரை சேர்த்தது. கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்று அந்த இடத்துக்கு இன்றும் பெயர். பக்தர்கள் இதில் அற்புதத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் ஒரு விவரம் முக்கியமாகப் படுகிறது: கல் உடைக்கப்படவில்லை. கல் கல்லாகவே இருந்தது. செஞ்சிக் கோட்டையைப் போய்ப் பார்த்தால், ஓய்ந்துபோன கருவிக்கும் மாறாமலே உதவும் கருவிக்கும் உள்ள வித்தியாசம் புரியும். முற்றுகைகளுக்கென்று கட்டிய மதில்கள் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா போகிற இடம். 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. கோட்டை அமைதியானதற்குக் காரணம் அதன் பீரங்கிகள் ஓய்ந்துபோனதுதான். ஜலஸ்வா அப்படி ஓய்ந்துபோய் நல்லதாகவில்லை. 2020-ல் கர்ப்பிணிகளை ஏற்றியபோதும் வேண்டுமென்றால் மறுவாரமே ஒரு கரையில் படை இறக்கும் வல்லமையோடுதான் நின்றது. ஐராவத்தும் அப்படியே. இந்திரன் போருக்கு ஏறிப்போகிற யானையின் பெயரைச் சூடிக்கொண்டு, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுவந்தது. தாராசுரத்தில் லிங்கத்துக்கு முன்னால் வணங்கி நின்றதாகச் சொல்லப்படுவதும் அதே யானைதான்.

இங்கே ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு மனதுக்குள் ஓடத் தொடங்கும். 2020-ல் ஜலஸ்வா உட்பட நான்கு கப்பல்கள் சேர்ந்து 55 நாட்களில் 3,992 பேரைத் தாய்நாடு சேர்த்தன. ஆகவே பழைய கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றும். இந்த எண்ணத்தைத் தமிழர்கள் எளிதில் ஏற்கக் கூடாது. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. விமானத்தில் போனவர்கள் போக, காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் கப்பலில் போனவர்களும் உண்டு. காப்பாற்ற வந்தவர்கள் என்று மாலையோடு வரவேற்ற சனம் அதே வருஷம் அக்டோபரில் அவர்களுடைய ஷெல் வீச்சுக்குப் பயந்து கோயில்களில் ஒதுங்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே மாண்டார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படைப்பிரிவு கப்பலில் சென்னை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஏற்றிப்போன கப்பலில் குறையில்லை. திட்டமிட்டபடி ஏற்றியது, இறக்கியது. இதை 2020 ஜூன் 2-ல் கொழும்பிலிருந்து வந்த 685 பேரைக் காட்டிக் கழிக்க முடியாது. இருவினையைப் பற்றிச் சித்தாந்தம் கறாராகச் சொல்வதும் இதையே. நல்வினை பொன் விலங்கு, தீவினை இரும்பு விலங்கு. இரண்டும் தனித்தனியே அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை. ஒன்று மற்றொன்றைத் தின்னாது. வங்கிப் பற்றுவரவு போல வினையை நினைப்பவர்கள், கப்பல் செய்த நன்மையைக் காட்டி அதை அனுப்பியவர்களின் தவறை மறைக்கப் பழகிவிடுவார்கள்.

அனுப்பியவர் யார் என்பதுதான் மிஞ்சுகிற கேள்வி. இதில் மொழியே ஒரு குறும்பு செய்கிறது. சித்தாந்தத்தில் நிமித்தம் என்றால் குயவன், அதாவது செய்கிறவன். கீதையில் கண்ணன் அருச்சுனனை நிமித்தமாக மட்டும் இருக்கச் சொல்லும்போது அந்தச் சொல் கருவி என்ற பொருளுக்கு இறங்கிவிடுகிறது. நான் வெறும் நிமித்தம் என்று சொல்லிக்கொண்டு குயவன் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இந்த இரட்டைப் பொருள் வசதியாக இருக்கிறது. மாலுமி கேப்டனைக் காட்டுவார், கேப்டன் தலைமையகத்தை, தலைமையகம் அமைச்சரவையை. அரசியல் சாசனத்தின் 53-வது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அந்த அதிகாரத்தைச் சட்டத்தால் நெறிப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் வெளிநாட்டுக்குப் படை அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நம்மிடம் இல்லை. 1987-ல் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. அவசரத்தில் விவாதம் நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார்கள். மீட்புக்கு முடியாது, சரி, தேவையும் இல்லை. மாலே அழைத்தது, கப்பல் போனது. படை இறக்குவது அப்படியில்லை. நாற்பத்தெட்டு மணி நேரம் தாமதித்தால் கெட்டுப்போகிற தலையீடு இருக்கலாம். தாமதிக்காததால் மூன்று வருஷம் கெட்டுப்போன தலையீட்டை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் மகாரதம் ஓடும். தேரும் ஒரு காலத்தில் போர்க்கருவிதான். யானை, குதிரை, காலாளோடு நாற்படையில் ஒன்றாக எண்ணப்பட்டது. இப்போது அதில் அண்ணாமலையார் வருகிறார். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானவர்களைத்தான் கேமரா காட்டும். சக்கரத்துக்கு அருகில் குனிந்தபடி நடந்துவந்து, திருப்பத்தில் கட்டையை எந்தக் கோணத்தில் செருகுவது என்று கண்ணாலேயே அளந்து, செருகிய நொடியில் கையை இழுத்துக்கொள்கிற முட்டுக்கட்டைக்காரர் படத்தில் விழமாட்டார். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர் கையில். சாமி ஏறிவிட்டதால் தேரின் எடை குறைந்துவிடுவதில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர்க் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். அத்தனை பக்தியும் மின்சாரத்துக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற கப்பலுக்கும் கட்டை போடுகிற ஆள் வேண்டும். படையைப் பொறுத்தவரை அந்த வேலை நாடாளுமன்றத்துடையது. அது வடம் பிடிக்கிற கூட்டத்தில் போய் நின்றுகொண்டிருக்கிறது.

இத்தனை செலவில் எதற்குப் போர்க்கப்பல், மருத்துவமனைக் கப்பல்களாகவே கட்டிக்கொள்ளலாமே என்று கடைசியாக ஒரு நியாயமான வாதம் வரும். கட்டலாம், கட்டவும் வேண்டும். ஆனால் துறை நொறுங்கிப்போன கரையில் வெறும் மருத்துவமனைக் கப்பல் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். படகும் ஹெலிகாப்டரும் மணலில் ஏறும் வண்டியும் சேர்த்தால் அது மறுபடி ஜலஸ்வாதான் ஆகும். திறனைப் பிரிக்க முடியாது என்று முன்னே சொன்னது இங்கேயும் வந்து நிற்கிறது. ஆகவே கருவியைச் சபிப்பதும் எனக்கு உடன்பாடில்லை, எதையும் கேட்காமல் குங்குமம் வைப்பதும் உடன்பாடில்லை. ஜலஸ்வாவின் உடலுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்த வகையில் நம் கடற்படையிடம் இருப்பது அது ஒன்றுதான். இதைப்போல நான்கு கப்பல்கள் கட்டுவதற்கான டெண்டர் ஏழு வருஷம் இழுத்தடித்து 2020-ல் கைவிடப்பட்டது. இன்றோ நாளையோ மறுபடி வரும். வரும்போது பத்திரிகைகள் விலையையும் நீளத்தையும் போடும். அதோடு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கரையில் ஆள் இறக்கும் உத்தரவை எந்த அவையில், யார் விவாதித்துத் தருவார்கள் என்று உங்கள் எம்.பி.யிடம் எழுதிக் கேளுங்கள். கடல் இல்லாத ஊர்க்காரர்கள் நமக்கென்ன என்று இருக்க வேண்டியதில்லை. கீழ்பென்னாத்தூர் திருவண்ணாமலை மக்களவைத் தொகுதியில் இருக்கிறது.